வீட்டில் பதனிட்ட ஆட்டுத்தோல் ஏன் விறைத்துப்போகிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது, படிகாரம் இன்னும் எவ்வளவு போட வேண்டும் என்பதுதான். சித்திரையில் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டினீர்கள். வீட்டில் வளர்ந்த கிடா என்பதால் தோலைக் கொடுத்துவிட மனம் வரவில்லை. முடியோடு பதனிட்டு விரிப்பாக வைத்துக்கொள்ள நினைத்தீர்கள். விருந்தெல்லாம் முடிந்து மாலையில் தூள் உப்பைத் தடவி, மொட்டைமாடியில் மூன்று நாள் காயவைத்து, படிகாரத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, மறுபடியும் வெயிலில் போட்டீர்கள். இப்போது தோல் அப்பளம்போல விறைத்திருக்கிறது, வயிற்றுப் பக்கம் தடவினால் முடி கையோடு வருகிறது, கழுத்துப் பக்கம் வாடை அடிக்கிறது. இந்த விவரங்களை வைத்துப் பார்க்கும்போது, எந்த இடத்தில் தவறு நேர்ந்தது, இந்தத் தோலை இனி மீட்க முடியுமா என்பதுதான் உங்களுடைய உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே எங்கள் கைக்கு வந்தவை பெரும்பாலும் சுண்ணாம்புக் குழியில் போட்டு முடி நீக்கப்படும் தோல்கள். முடியோடு, வீட்டுப் பாத்திரங்களை வைத்து நான் பதனிட்டது ஏழெட்டு ஆட்டுத்தோல்களைத்தான். ஆகவே தோல் ஏன் அழுகுகிறது, ஏன் விறைக்கிறது என்பதைப் பற்றி உறுதியாகவே சொல்வேன். உங்கள் தோலில் எந்தப் பகுதி பிழைக்கும் என்பதைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்காமல் சொல்வதெல்லாம் அனுமானம். அனுமானம் வரும் இடங்களில் அதை அப்படியே குறிப்பிடுகிறேன்.

முதலில் படிகாரத்தின் மீதுள்ள பழியை நீக்கிவிடலாம். நீங்கள் எழுதிய மூன்று குறைகளில் இரண்டு, அதாவது முடி உதிர்வதும் வாடை அடிப்பதும், படிகாரத் தண்ணீரைத் தோல் பார்ப்பதற்கு முன்பே நடந்து முடிந்தவை. மூன்றாவதான விறைப்பு, படிகாரத் தண்ணீரிலிருந்து எடுத்த பிறகு நேர்ந்தது. நடுவில் இருக்கும் படிகாரக் கட்டத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள்; ஆனால் ஆட்டுத்தோல் கெடுவது உரித்த முதல் சில மணி நேரத்திலும், காயும் கடைசி இரண்டு நாளிலும்தான்.

ஆடு இறந்ததும் உடம்பின் சூடு தோலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சதையும் கொழுப்பும் ஒட்டிய ஈரத்தோலைச் சுருட்டிச் சாக்கில் போட்டுவிட்டால், கிருமிகளுக்கு வேண்டிய சூடு, ஈரம், உணவு மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. அவை முதலில் தின்பது முடியின் வேரைப் பிடித்திருக்கும் மெல்லிய உறையை. அந்தப் பிடி தளர்ந்த பிறகு உலகத்தில் உள்ள எந்த மருந்தாலும் முடியைத் திரும்பவும் பிடிக்கவைக்க முடியாது. வயிற்றுப் பக்கம் முதலில் உதிர்வதற்குக் காரணம், அங்கே தோல் மெல்லியது, குடலுக்கு அருகில் இருந்ததால் கிருமியும் அதிகம் என்பதுதான். எங்கள் ஷாப்பில் பச்சைத் தோல் தரம் பிரித்த பெரியவர் ஒருவர், தோல் வந்ததும் விரித்துக்கூடப் பார்க்க மாட்டார். தொடை இடுக்கில் நாலைந்து முடியை விரல் நுனியால் பிடித்து இழுப்பார், காதுக்குப் பின்னால் முகர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். அவர் ஒதுக்கிய தோல் சுண்ணாம்புக் குழிக்குப் போய் வந்ததும் ஓட்டையாகவோ நைந்தோ நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். அவர்கள் கைகளில் இருந்தது முறையான அறிவு என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அந்தப் பெரியவரின் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டேன்.

நம் ஊர் வெயிலில் உரித்த நான்கைந்து மணி நேரத்துக்குள் உப்புப் போட்டாக வேண்டும். காலையில் வெட்டி மாலையில் உப்புப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தோலின் கதை பெரும்பாலும் அந்த இடைவெளியிலேயே எழுதப்பட்டுவிட்டது. உரித்தவுடன் செய்ய வேண்டியது, தோலை நிழலில் சதைப்பக்கம் மேலே தெரியும்படி விரித்துச் சூடு இறங்க விடுவதும், தொங்கும் சதையையும் கொழுப்பையும் கத்தியால் எடுத்துவிடுவதும். கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பு உள்ளே இறங்காது. பிறகு தோலின் எடையில் பாதியளவு உப்பு, அதாவது இரண்டு கிலோ எடையுள்ள பச்சைத் தோலுக்கு ஒரு கிலோ, தாராளமாகத் தேய்க்க வேண்டும். கழுத்து, காது, கால் ஓரங்களின் மடிப்புகளுக்குள் விரலை விட்டுத் தேய்க்க வேண்டும். உங்கள் தோலில் கழுத்து வாடை அடிப்பதற்கு அந்த மடிப்பில் உப்புச் சேராததே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். சமையலறைத் தூள் உப்பு ஈரம் பட்டதும் கட்டியாகிவிடும், முழுக் கல்லுப்போ இடைவெளி விட்டு உட்காரும். ஆகவே கல்லுப்பை ரவைப் பதத்துக்கு இடித்துக்கொள்வது நல்லது. அயோடின் கலந்த உப்பால் தோல் கெடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்த கெட்ட தோல்கள் எல்லாம் உப்புப் போதாமலோ தாமதமாகவோ கெட்டவைதான்.

உப்புப் போட்ட தோலைச் சற்றுச் சாய்வான பலகையில் நிழலில் வைத்தால், தோலிலிருந்து நீர் கசிந்து வழியும். மறுநாள் ஈர உப்பை உதறிவிட்டுப் புது உப்பை மறுபடியும் போட வேண்டும். உதறிய உப்பைச் சேர்த்துவைத்து இன்னொரு தோலுக்குப் பயன்படுத்தக் கூடாது. உப்பிலேயே வாழக்கூடிய கிருமிகள் அதில் பெருகி, தோலில் செந்நிறத் திட்டுகளை உண்டாக்கும். இரண்டு மூன்று நாளில் தோல் நீர் வற்றி, கனமான ஈரத் துணியைப் போல வளையும். அந்த நிலையிலேயே அடுத்த கட்டத்துக்குப் போய்விட வேண்டும். அதை மொட்டைமாடி வெயிலில் போட்டதுதான் உங்களுடைய இரண்டாவது இழப்பு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தோலின் உடம்பு என்பது கொலாஜன் என்னும் நார்களின் பின்னல். ஈரத்தோலைச் சூடாக்கினால், ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த நார்கள் சுருங்கிப் பசையாக மாறத் தொடங்கும். கிருமி தின்ற தோலில் இது இன்னும் குறைந்த சூட்டிலேயே நடக்கும். தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்: தோல் துண்டுகளையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை அது. சித்திரை மாதத்து மொட்டைமாடித் தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அதன் மீது ஈரத்தோலை ஒட்டினாற்போல் விரித்தால், வச்சிரம் காய்ச்சும் வேலையின் தொடக்கத்தைத் தோலுக்கு உள்ளேயே செய்கிறோம் என்று பொருள். அப்படிப் பசையான பகுதி காய்ந்தால் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும், மடித்தால் முறியும். உங்கள் தோலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். தேன் நிறத்தில் ஒளி தெரிகிற இடங்கள் இருந்தால் அவை மீளா.

சூடு படாத தோலும் காய்ந்தால் விறைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். படிகாரம் சரியாக ஏறிய தோல்கூட, காயும்போது சும்மா விட்டுவிட்டால் பலகைபோல ஆகிவிடும். ஈரம் போகும்போது அருகருகே உள்ள நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் விறைப்பு. அதைத் தடுக்க நார்களுக்கு நடுவே எண்ணெய் வேண்டும், காயும் நேரம் முழுவதும் அவற்றை அசைத்துக்கொண்டே இருக்க கை வேண்டும். எனவே உங்கள் தோலின் விறைப்பு படிகாரம் தோற்றுவிட்டதற்கு அடையாளம் அல்ல.

இனி, உங்கள் தோலையோ அடுத்த தோலையோ எப்படிக் கொண்டுபோவது என்பதைச் சொல்கிறேன். முதலில் தோலை ஊறவைத்து உப்பைக் கழுவி, பச்சைத் தோலின் நெகிழ்ச்சிக்குக் கொண்டுவர வேண்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கை உப்பும் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ஈர உப்புத் தோல் மூன்று நான்கு மணி நேரத்தில் நெகிழ்ந்துவிடும். உங்களுடையதைப்போல வறண்ட தோலுக்குக் கூடுதல் நேரம் ஆகும், இடையில் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் தண்ணீரில் இரவு முழுவதும் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மீதமிருக்கும் முடியும் காலையில் தொட்டியில் மிதக்கும்.

அடுத்தது சவ்வு நீக்குதல். வீட்டில் செய்பவர்கள் பலர் விட்டுவிடும் வேலை இது. சதைப்பக்கத்தில் சதை எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மெல்லிய ஒரு சவ்வு முழுத் தோலையும் போர்த்தியிருக்கும். ஆறு அங்குல விட்டமுள்ள பி.வி.சி. குழாய்த் துண்டையோ வழவழப்பாகச் செதுக்கிய பனந்துண்டையோ சுவரில் சாய்த்து, அதன் மேல் தோலை முடிப்பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மழுங்கிய கத்தியாலோ பழைய அரிவாளின் முதுகாலோ கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தள்ள வேண்டும். கூர்மை கூடாது; வெட்டக் கூடாது, தள்ள வேண்டும். சரியான கோணம் கைக்கு வந்ததும் சவ்வின் ஓரம் எழும்பி, பால் காய்ச்சியதும் மேலே படியும் ஆடைபோலச் சுருண்டு வரும். அதன் அடியில் மங்கலான நீல வெள்ளை நிறத்தில் உண்மையான தோல் தெரியும். அந்த நிறம் தெரியாத இடத்தில் படிகாரமும் இறங்காது, எண்ணெயும் இறங்காது. ஓர் ஆட்டுத்தோலுக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். முதல் முறை செய்பவருக்கு அரைநாள் ஆகலாம்.

படிகாரக் கரைசலுக்கு நான் பின்பற்றும் அளவு இது. நான்கு லிட்டர் வெந்நீரில் 450 கிராம் படிகாரத்தைக் கரைத்து ஆறவைக்க வேண்டும். வேறொரு பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரில் 225 கிராம் உப்பையும் 110 கிராம் சலவை சோடாவையும் கரைத்து, இந்தச் சோடாத் தண்ணீரைப் படிகாரத் தண்ணீரில் நூல்போல மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை பொங்கி அடங்கும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றினால் வெள்ளை வண்டலாகத் திரிந்துவிடும், அந்தப் படிகாரம் தோலுக்கு உதவாது. உப்பு எதற்கு என்றால், படிகாரத் தண்ணீர் புளிப்புத் தன்மை உடையது. உப்பு இல்லாத புளித்த நீரில் தோல் ஊதிப் பருத்து நார் சிதைந்துவிடும். சோடா அந்தப் புளிப்பைச் சற்றுத் தணித்து, படிகாரம் நாரைப் பற்றிக்கொள்ள வழி செய்கிறது. இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் ஆகாது. பிளாஸ்டிக் வாளியே போதும். நிழலில் வைத்து, காலையும் மாலையும் மடிப்புகளைப் பிரித்துக் கிளறிவிட வேண்டும்.

எத்தனை நாள் என்பதற்கு நாள்காட்டியை நம்ப வேண்டாம். ஆட்டுத்தோலுக்கு இரண்டு முதல் நான்கு நாள் ஆகும் என்பது பொதுக் கணக்கு. சோதனை இப்படி: கழுத்துப் பக்கம் தோல் மிகத் தடிமனாக இருக்கும் இடத்தைச் சதைப்பக்கம் வெளியே தெரியும்படி நான்காக மடித்து, மடிப்பின் மூலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நீர் பிழியும் அளவுக்கு நெரித்து விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது மடிப்புக் கோடு, மை ஒற்றும் தாளைப்போல ஒளி புகாத வெண்மையாகத் தெரிந்தால் உள்வரை ஏறிவிட்டது. சாம்பல் நிறமாக, நீர் கோத்ததுபோலத் தெரிந்தால் இன்னும் ஒரு நாள் விடலாம். இரண்டு நாளில் எடுத்த உங்கள் தோல் கழுத்துப் பக்கம் ஏறாமல் இருந்திருக்கக்கூடும்; உறுதியாகச் சொல்ல முடியாது.

எடுத்த தோலை ஓர் இரவு கொம்பில் தொங்கவிட்டு நீர் வடிந்த பிறகு, சதைப்பக்கம் மட்டும் எண்ணெய் பூச வேண்டும். சமையல் எண்ணெயை நேரடியாகத் தடவினால் ஈர நாருக்குள் போகாமல் மேலேயே வழுவழுவென நிற்கும். முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயையும் நீரையும் ஒன்றுசேர்க்கும் பொருள் இயல்பாகவே இருக்கிறது. மூன்று மஞ்சள் கருவை இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயோடும் அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீரோடும் அடித்துத் தேய்த்தால் உள்ளே இறங்கும். தோல், துணிச் சாய ரசாயனக் கடைகளில் டர்க்கி ரெட் ஆயில் என்று கேட்டால் கிடைப்பது, தண்ணீரில் கலக்கும்படி மாற்றிய ஆமணக்கெண்ணெய். அது இன்னும் வசதி. பூசிய பின் சதைப்பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி மடித்து ஓர் இரவு வைத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

இதன் பிறகு வருவதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. தோல் பாதி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சியாக, ஆனால் கையில் ஈரம் ஒட்டாத நிலைக்கு வந்ததும், உருண்டையான விளிம்புள்ள பலகையின் மேலோ நாற்காலியின் முதுகிலோ சதைப்பக்கம் பட, செருப்புக்கு மெருகு போடும் துணியை இழுப்பதுபோல இருபுறமும் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்த இடம் பளிச்சென்று வெளுக்கும். அந்த வெளுப்புத்தான் நார்கள் பிரிந்து, நடுவே காற்று புகுந்ததன் அடையாளம். வெளுத்த இடத்துக்கும் வெளுக்காத இடத்துக்கும் நடுவே ஓர் எல்லைக் கோடு ஊர்வதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, முழுவதும் காயும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரு பகுதி விறைத்துவிட்டால் ஈரத்துணி போட்டு நனைத்து அந்த இடத்தில் மீண்டும் தொடங்கலாம். முடியில் பட்ட எண்ணெயைப் போக்க உலர்ந்த தவிட்டைத் தூவித் தேய்த்து உதறினால் போதும்.

இப்படிச் செய்த தோலின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். படிகாரம் நாரோடு நிலையாகப் பிணைவதில்லை. தண்ணீரில் துவைத்தால் கழன்று வந்துவிடும், தோல் பச்சைத் தோலாகவே திரும்பிவிடும். ஆகவே இது உட்காரவும் சுவரில் மாட்டவும் உதவும், துவைக்க உதவாது. துவைக்கத் தாங்கும் தோல் வேண்டுமென்றால் மரப்பட்டையோ குரோமியமோ வேண்டும். நம் ஊரில் முன்பு ஆவாரம் பட்டையில் ஊறவைத்து, வெயிலில் சிவக்காமல் இருக்கக் கடுக்காய் நீரில் முடித்தார்கள். அருமையான முறை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும், முடியிலும் பட்டையின் நிறம் ஏறிவிடும். குரோமிய உப்பை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பாலாற்றங்கரையில் தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததால்தான் 1996இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுத் தீர்ப்பளித்தது. ஆலைக்கே அடங்காத கழிவை வீட்டுச் சாக்கடை தாங்காது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து மின்கல அமிலத்தில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கந்தக அமிலத் தொட்டி வேண்டவே வேண்டாம்.

காட்டு முயல் தோல் கிடைக்கும், அதையும் இதேபோல் செய்யலாமா என்பது உங்களுடைய கடைசிக் கேள்வி. காட்டு முயல், மான், உடும்பு ஆகியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. அவற்றின் தோலை வைத்திருப்பதே குற்றமாகும். பண்ணை முயல் தோலைத் தாராளமாகச் செய்யலாம், ஆனால் தாள்போல மெல்லியது, சவ்வு எடுக்கும்போதே கிழியும் என்பதால் ஆட்டில் கை பழகிய பிறகு எடுங்கள். நோயில் தானாகச் செத்த ஆடு, மாட்டின் தோலைத் தொடவே தொடாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்க் கிருமியின் வித்துகள் உப்பிலும் படிகாரத்திலும் சாவதில்லை. கையிலுள்ள சிறு கீறல் வழியாகவோ மூச்சு வழியாகவோ மனிதருக்கு வந்துவிடும். நல்ல ஆட்டுத்தோலுக்கும் கையுறை போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் தோலுக்கு வருகிறேன். வாடை அடிக்கும் கழுத்தையும் முடி உதிரும் வயிற்றுப் பகுதியையும் வெட்டி எடுத்துவிடுங்கள். முதுகுப் பகுதி பெரும்பாலும் தேறும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் முழுவதையும் நனைப்பதற்கு முன், பின்தொடைப் பக்கம் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை வெட்டி, ஊறவைப்பதில் தொடங்கி இழுத்து மென்மையாக்குவது வரை எல்லாவற்றையும் அதில் செய்து பாருங்கள். ஊறும்போதே அதில் முடி கழன்றாலோ, விரலால் அழுத்தினால் கொழகொழவென்று நைந்தாலோ மீதித் தோலையும் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைத்துவிட்டு, அடுத்த கிடாவெட்டுக்கு இடித்த கல்லுப்போடு முன்கூட்டியே தயாராக இருங்கள். துண்டு மென்மையாக வந்தால் மறுநாளே முதுகுப் பகுதியை ஊறப்போடலாம். உப்பும் படிகாரமும் கலந்த மீதித் தண்ணீரை மட்டும் கிணற்றடியிலோ செடிகளுக்கோ ஊற்றாமல், அகன்ற தட்டுகளில் வெயிலில் வற்றவைத்து, எஞ்சும் உப்பைத் தனியே அப்புறப்படுத்துங்கள்.